நாடு முழுவதற்கும் முன் ஒரு மாவட்டத்தில்: சமூகநலக் கொள்கையைப் பரீட்சித்துப் பார்க்கும் முறை

இலங்கையில் முன்னோடித் திட்டங்களுக்குக் குறைவில்லை. பெருந்தெருவுக்கு அண்மையில், சுறுசுறுப்பான மாதர் சங்கமும் ஊக்கமுள்ள கிராம உத்தியோகத்தரும் ஏற்கெனவே உள்ள ஓர் ஊர் தெரிவுசெய்யப்படுகிறது; பெயர்ப்பலகை திரைநீக்கம் செய்யப்படுகிறது; ஆறு மாதங்களில் புகைப்படங்களோடு வெற்றி அறிக்கை கொழும்புக்குப் போகிறது; அடுத்த வரவுசெலவுத் திட்டத்தில் அதே திட்டம் தேசியத் திட்டமாகிவிடுகிறது. தோற்பதற்கு இடமே வைக்காத இந்த ஏற்பாட்டைக் கண்காட்சி என்று சொல்லலாமே தவிர, பரீட்சை என்று சொல்ல முடியாது. ‘இது பயன் தரவில்லை’ என்ற விடையும் வரக்கூடியவாறு அமைக்கப்பட்ட முயற்சிதான் பரீட்சை. கீழே சொல்லப்படும் ஒவ்வொரு படியும் அந்த நிபந்தனையைக் காப்பாற்றுவதற்கானது.

பரீட்சிக்காமலே இறங்குவதன் விலையையும் திருகோணமலை மாவட்டத்துக்கு எவரும் எடுத்துச்சொல்ல வேண்டியதில்லை. 2021 ஆம் ஆண்டு இரசாயனப் பசளை இறக்குமதி ஒரே வீச்சில் நாடு முழுவதும் தடைசெய்யப்பட்டு, அதே ஆண்டு நவம்பரில் அந்தத் தடை கைவிடப்பட்டபோது, கந்தளாய்க் குளத்தின் கீழும் தம்பலகாமத்திலும் பெரும்போக வயல்கள் ஏற்கெனவே விதைக்கப்பட்டிருந்தன. ஒரேயொரு நீர்ப்பாசனத் திட்டத்தில் இரண்டு போகங்கள் பார்த்திருந்தால் தெரிந்திருக்கக்கூடிய ஒன்றை நாடு முழுவதும் நட்டப்பட்டுக் கற்றுக்கொண்டது. 2023 இல், வறிய குடும்பங்களுக்கு அரசாங்கம் வழங்கும் அஸ்வெசும கொடுப்பனவுக்கான பயனாளிப் பட்டியல் வெளியானபோது ஒன்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட மேன்முறையீடுகள் குவிந்தன. தெரிவு அளவுகோல்கள் எந்தக் குடும்பங்களைத் தவறவிடும் என்பது நாடளாவிய பட்டியல் வெளிவந்த பின்னரே கச்சேரி வாசல்களில் தெரியவந்தது.

பிரதேச செயலகத் திட்டமிடல் பிரிவினர், சுகாதார, கல்வி அலுவலகங்களில் இருப்போர், தொண்டு நிறுவனங்களில் திட்டங்கள் எழுதுவோர் ஆகியோரை மனதில் வைத்தே இது எழுதப்படுகிறது. விளக்கத்துக்காக ஒரு கற்பனைப் பரீட்சையைத் தொடக்கம் முதல் கூடவே எடுத்துச் செல்வோம். கர்ப்பிணித் தாய்மாருக்கான போசாக்குக் கொடுப்பனவு நம் நாட்டில் பல ஆண்டுகளாக நடைமுறையில் உள்ளது. தொடக்கத்தில் அது பத்து மாதங்களுக்கு மொத்தம் 20,000 ரூபாவாக இருந்தது. அதைக் கடையில் பொருள் வாங்கும் வவுச்சராகக் கொடுப்பதா, வங்கிக் கணக்கில் பணமாக இடுவதா என்பதுதான் நம்முடைய கேள்வி என்று வைத்துக்கொள்வோம்.

கேள்வியை ஒரு வாக்கியத்துக்குள் அடக்குங்கள்

‘தாய்மாரின் போசாக்கை மேம்படுத்தல்’ என்பது நோக்கம். ‘அதே தொகையை வவுச்சருக்குப் பதிலாகப் பணமாகக் கொடுத்தால், 2,500 கிராமுக்குக் குறைந்த நிறையோடு பிறக்கும் குழந்தைகளின் வீதம் குறையுமா?’ என்பது கேள்வி. இரண்டுக்கும் இடையில் உள்ள வேறுபாட்டைத் திட்ட முன்மொழிவை எழுதும் நாளிலேயே தீர்த்துக்கொள்ள வேண்டும். ஒரே பரீட்சையில் பணம், சமையல் வகுப்பு, வீட்டுத்தோட்ட விதைப்பொதி என்று மூன்றையும் சேர்த்துவிட்டால், நல்ல விளைவு வந்தாலும் எதனால் வந்தது என்று திறைசேரிக்குச் சொல்ல முடியாது. திறைசேரி அவற்றுள் மலிவானதை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றை வெட்டிவிடும்.

அதிகாரம் யாரிடம் என்பதைக் கேட்டறியுங்கள்

1987 ஆம் ஆண்டின் 13 ஆவது திருத்தச் சட்டத்தின் ஒன்பதாவது அட்டவணை, விடயங்களை மாகாணப் பட்டியல், மத்திக்கே உரிய ஒதுக்கிய பட்டியல், இரு தரப்புக்கும் பொதுவான ஒருங்கியை பட்டியல் என மூன்றாகப் பிரிக்கிறது. கிளினிக்குகளும் அவற்றின் ஊழியரும் பெரும்பாலும் மாகாணத்தின் கீழ் வருவர். கொடுப்பனவுக்கான பணமோ மத்திய அமைச்சிலிருந்து வருகிறது. ஆகவே நம்முடைய உதாரணத்துக்கு இரண்டு இடங்களிலும் எழுத்து மூலமான அனுமதி தேவை. கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017 இல் முடிந்த பின் தேர்தல் நடத்தப்படாததால், மாகாணத் தரப்பில் ஆளுநரும் பிரதம செயலாளரும் சம்பந்தப்பட்ட அமைச்சின் செயலாளருமே கையொப்பமிட வேண்டியவர்கள். அனுமதிக் கடிதத்தில் பரீட்சையின் முடிவுத் திகதியும், இடையில் உத்தியோகத்தர்கள் இடமாற்றப்பட்டால் பொறுப்பை ஏற்கும் பதவியும் (ஆளின் பெயரன்று, பதவி) குறிக்கப்பட்டிருக்க வேண்டும்.

இடத்தைத் தெரிவுசெய்தல்

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். ஒரே நெருப்பில், ஒரே தண்ணீரில் கொதித்த சோற்றுக்கு அது பொருந்தும். ஒரு மாவட்டத்துக்குள் கூட அந்தச் சமநிலை கிடையாது. திருகோணமலையில் பதினொரு பிரதேச செயலாளர் பிரிவுகள் உள்ளன. 2012 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 3 இலட்சத்து 80 ஆயிரம் மக்களில் பத்துக்கு நான்கு பேர் முஸ்லிம்கள், மூன்று பேர் தமிழர், சற்றுக் குறைய மூன்று பேர் சிங்களவர். திருகோணமலை நகரை உள்ளடக்கிய ‘பட்டினமும் சூழலும்’ பிரிவில் வங்கிக் கிளையும் பெரிய கடைகளும் கூப்பிடு தூரத்தில் உள்ளன. வெருகலின் உட்கிராமம் ஒன்றிலிருந்து பணம் எடுக்க வேண்டுமானால் பேருந்துக் கட்டணமும் அரை நாளும் செலவாகும்; அதே தாய்க்கு வவுச்சர் தந்தால், அதை ஏற்கும் ஒரே சங்கக் கடையில் அன்று முட்டை இருக்குமா என்பது வேறு கேள்வி. குச்சவெளிக் கரையோரத்தில் வடகீழ் பருவக்காற்று வீசும் மாதங்களில் கடற்றொழில் படுத்துவிடும்; கந்தளாயில் பணப்புழக்கம் அறுவடையோடு வந்து அறுவடையோடு போகும். இந்த வேறுபாடுகள்தாம் இம்மாவட்டத்தைப் பரீட்சைக்கு ஏற்ற இடமாக்குகின்றன: மூன்று சமூகங்களும் கரையோரமும் வயற்காணியும் நகரமும் ஒரே மாவட்டச் செயலகத்தின் கீழ் வருகின்றன.

அடுத்ததாக, பரீட்சையின் அலகு எது என்று தீர்மானிக்க வேண்டும். பதினொரு பிரிவுகளை இரண்டாகப் பிரித்து ஒப்பிடுவது எளிதாகத் தோன்றும். ஆனால் ஒரு பிரிவில் வெள்ளம் வந்தாலோ ஒரு திறமையான வைத்திய அதிகாரி மாற்றலாகிப் போனாலோ முழு விடையும் கவிழ்ந்துவிடும். ஆயிரக்கணக்கான தாய்மார் பங்குபற்றினாலும் அலகுகள் பதினொன்றுதான். ஒரே இடத்தில் வாழ்வோர் ஒரே கடையையும் ஒரே கிளினிக்கையும் ஒரே வெள்ளத்தையும் பகிர்வதால், ஆட்களின் எண்ணிக்கையைவிட அலகுகளின் எண்ணிக்கையே பரீட்சைக்கு வலுவைத் தரும். மாவட்டத்தின் 230 கிராம உத்தியோகத்தர் பிரிவுகள் போதிய எண்ணிக்கையைத் தரும் என்றாலும், குடும்பநல மாது ஒருவர் பல பிரிவுகளைப் பார்ப்பதுண்டு. ஒரே கையால் ஒரு தாய்க்கு வவுச்சரும் அடுத்த வீதித் தாய்க்குப் பணமும் என்றால் குழப்பமும் மனத்தாங்கலும் வரும். ஏறத்தாழ மூவாயிரம் பேருக்கு ஒருவர் என்பது குடும்பநல மாதுக்கான நியமம். அதன்படி, ஒரு மாதுவின் பொறுப்பில் உள்ள இடத்தை ஒரு பகுதி என்று கொண்டால், மாவட்டத்தில் நூறுக்கு மேற்பட்ட பகுதிகள் வரவேண்டும். வெற்றிடங்களைக் கழித்து எஞ்சும் பகுதிகளை அலகாகக் கொள்வதே என் பரிந்துரை.

ஒப்பிடுவதற்கு ஒரு பக்கம் வேண்டும்

‘திட்டத்துக்கு முன், திட்டத்துக்குப் பின்’ என்று மட்டும் பார்ப்பவர்கள் அரிசி விலையின் ஏற்ற இறக்கத்தையும் நல்ல மழையையும் திட்டத்தின் கணக்கில் எழுதிவிடுவார்கள். அதே காலத்தில், அதே மாதிரியான, ஆனால் மாற்றம் செய்யப்படாத பகுதிகள் இருக்க வேண்டும். மெக்சிகோ 1997 இல் வறிய குடும்பங்களுக்குக் கொடுப்பனவு வழங்கும் புரொக்ரெசா திட்டத்தைத் தொடங்கியபோது 506 கிராமங்களை எடுத்து, குலுக்கல் முறையில் 320 கிராமங்களுக்கு முதலில் கொடுப்பனவு வழங்கி, எஞ்சிய 186 கிராமங்களுக்கு ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு கழித்து வழங்கியது. எல்லாருக்கும் ஒரே நேரத்தில் கொடுக்கப் பணமும் ஆளும் இல்லாத நாட்டில், காத்திருக்க வேண்டியவர் யார் என்பதை எப்படியும் தீர்மானித்தே ஆக வேண்டும். அதைக் குலுக்கலிடம் விட்டதால் ஒப்பீடும் கிடைத்தது. 2000 இல் ஆட்சி மாறிய பின்னரும் அந்தத் திட்டம் பெயர் மாறி விரிவடைந்ததற்கு, கையில் இருந்த அளவீடுகளும் ஒரு காரணம். இந்தியாவின் ஊரக வேலை உறுதித் திட்டம் 2006 இல் மிகவும் பின்தங்கிய 200 மாவட்டங்களில் தொடங்கி 2008 இல் நாடு முழுவதும் பரவியது. நீதியான வரிசைதான், ஆயினும் முதலில் பெற்றவையும் பின்னர் பெற்றவையும் தொடக்கத்திலேயே வேறுபட்டிருந்தபடியால், ஆய்வாளர்கள் பெரும்பாடு பட்டே விளைவைப் பிரித்தெடுத்தார்கள்.

நம் மாவட்டத்தில் முழுப் பட்டியலையும் ஒரே குடத்தில் போட்டுக் குலுக்கக் கூடாது. தற்செயலாகப் பணம் பெறும் பகுதிகள் அதிகமாகக் கிண்ணியாவிலோ சேருவிலவிலோ விழுந்துவிட்டால், ‘அவர்களுக்கு மட்டும்’ என்ற பேச்சு மறுநாள் காலையே சந்தையில் கிளம்பிவிடும். அதன்பின் எந்தப் புள்ளிவிபரமும் எடுபடாது. ஒத்த தன்மையுள்ள பகுதிகளை முதலில் சோடி சேருங்கள்: கரையோரத் தமிழ்க் கிராமத்துக்கு இன்னொரு கரையோரத் தமிழ்க் கிராமம், மூதூரின் நகர்ப்புற முஸ்லிம் பகுதிக்குக் கிண்ணியாவின் நகர்ப்புறப் பகுதி, கோமரங்கடவலவின் வயற்கிராமத்துக்கு மொறவெவவின் வயற்கிராமம். பின்னர் ஒவ்வொரு சோடிக்குள்ளும் திருவுளச்சீட்டு எடுக்கட்டும். இதை மாவட்டச் செயலக மண்டபத்தில், கிராம அபிவிருத்திச் சங்கத்தினரும் பள்ளிவாசல், கோயில், விகாரை நிருவாகத்தினரும் பார்த்திருக்க, பகிரங்கமாகச் செய்ய வேண்டும். சீட்டெடுப்பை விளங்கிக்கொள்ள நம் மக்களுக்குப் பயிற்சிப் பட்டறை தேவைப்படாது; அதை மூடிய அறையில் கணினியில் செய்துவிட்டு வந்து விளக்கம் சொல்வதுதான் சிக்கல்.

அரசியலமைப்பின் 12 ஆவது உறுப்புரை சட்டத்தின் முன் சமத்துவத்தை உறுதிப்படுத்துகிறது. அயலூருக்குக் கிடைப்பது எனக்கேன் இல்லை என்று எவரும் கேட்கலாம், அடிப்படை உரிமை மனுவும் தாக்கல் செய்யலாம். நியாயமான வகைப்படுத்தல், திறந்த தெரிவு முறை, குறித்த முடிவுத் திகதி, இருப்பதைக் குறைக்காமை ஆகிய நான்கும் ஆவணத்தில் இருந்தால் பதில் சொல்லலாம். இறுதியாகச் சொன்னது மிக முக்கியம். பிரித்தானியாவில் தலைக்கு இவ்வளவு என்று விதிக்கப்பட்ட ஆள்வரி 1990 இல் இங்கிலாந்துக்கு வருவதற்கு ஓராண்டு முன்னதாக, 1989 இல் ஸ்கொட்லாந்தில் நடைமுறைக்கு வந்தது. அது பரீட்சையாகத் திட்டமிடப்படவில்லை என்றாலும், தங்களைச் சோதனை எலிகளாக்கினார்கள் என்ற கசப்பு அங்கே நெடுங்காலம் நிலைத்தது. சுமையை ஒரு பகுதியில் மட்டும் ஏற்றிப் பார்ப்பதும் நன்மையை ஒரு பகுதியில் முதலில் கொடுத்துப் பார்ப்பதும் ஒன்றல்ல. போர்க்காலத்தில் மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்த மக்கள் வாழும் மாவட்டத்தில் முதலாவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

யாருடைய கையால் நடக்கிறது

ஒரு தொண்டு நிறுவனம் தன் வாகனத்தோடும் தன் சம்பளத்தோடும் நடத்திக் காட்டியது, அரசாங்கத்தின் கைக்கு வந்தபின் வேறொன்றாகிவிடும். கென்யாவில் ஒப்பந்த ஆசிரியர்களை நியமிக்கும் திட்டம் தொண்டு நிறுவனத்தின் பொறுப்பில் நடந்த பாடசாலைகளில் மாணவரின் புள்ளிகளை உயர்த்தியது; அதே காலத்தில் அரசாங்கமே நடத்திய பாடசாலைகளில் எந்த உயர்வும் காணப்படவில்லை. ஆகவே நாளை நாடு முழுவதும் இதை யார் செய்யப்போகிறார்களோ அவர்களே இன்று பரீட்சையையும் செய்ய வேண்டும்: அதே குடும்பநல மாது, அதே அபிவிருத்தி உத்தியோகத்தர், அதே எரிபொருள் கொடுப்பனவு, அதே பழுதான அச்சு இயந்திரம். மேலதிகமாக ஒருவரை நியமித்தால் அவருடைய சம்பளத்தையும் தலைக்கான செலவில் சேருங்கள்.

இதற்கு நம் நாட்டிலேயே சிறந்த முன்னுதாரணம் உண்டு. 1926 இல் றொக்பெல்லர் மன்றத்தின் உதவியோடு களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு அமைக்கப்பட்டது. எல்லை வகுக்கப்பட்ட ஒரு பிரதேசம், அதற்குப் பொறுப்பாக ஒரு வைத்திய அதிகாரி, அவரின் கீழ்ப் பரிசோதகர்கள், தாதியர், மருத்துவமாதர் என்ற அந்த அமைப்பு படிப்படியாக ஏனைய மாவட்டங்களுக்குப் பரவி, இன்று நாம் அறிந்த சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையாக நிலைபெற்றது. கிழக்கிலேயே, கல்லோயா இடதுகரையில் 1980களின் தொடக்கத்தில் இளைஞர்களைக் கிராமங்களில் தங்கவைத்து விவசாயிகளை வாய்க்கால் மட்டத்திலிருந்து அமைப்பாக்கியபோது, மேல்மடைச் சிங்கள விவசாயிகளும் கடைமடைத் தமிழ் விவசாயிகளும் தண்ணீரைப் பகிர்ந்துகொண்டார்கள். 1988 இல் பங்கேற்பு முகாமைத்துவம் பெரிய நீர்ப்பாசனத் திட்டங்களுக்கான தேசியக் கொள்கையாயிற்று. இத்தகைய ஒன்றை விரிவுபடுத்துமுன் கேட்கவேண்டியது: விவசாயிகள் அமைப்பு என்ற ஏற்பாடு மட்டும் நாடு முழுவதும் போகிறதா, அதை உருவாக்கிய, கிராமத்தில் தங்கியிருந்த அந்த இளைஞர்களும் போகிறார்களா?

எதை, யார் அளப்பது

கூடியமட்டும் ஏற்கெனவே எழுதப்படும் பதிவுகளையே பயன்படுத்துங்கள். கர்ப்பிணிப் பதிவட்டையில் நிறையும் குருதிப் பரிசோதனையும் குழந்தையின் பிறப்பு நிறையும் பதியப்படுகின்றன. ஹீமோகுளோபின் டெசிலீற்றருக்கு 11 கிராமுக்குக் குறைந்தால் குருதிச்சோகை என்ற எல்லையும் தெளிவானது. புதிதாக நாற்பது பக்கப் படிவம் கொடுத்தால் அது மாதக் கடைசி இரவில், ஒரே பேனாவால், ஒரே மூச்சில் நிரப்பப்படும். கொடுப்பனவைக் கையாள்பவரே விளைவையும் அளக்கக் கூடாது என்பதால், பிறப்பு நிறையை வைத்தியசாலைப் பதிவிலிருந்து எடுத்து, சில பகுதிகளில் வேறொரு குழு மறுபடி சரிபார்க்கட்டும். தொடங்குமுன் எல்லாப் பகுதிகளிலும் அடிப்படைத் தரவு சேகரித்தாக வேண்டும்.

முதற்பிரசவத்துக்குத் தாய்வீடு போகும் வழக்கத்தை இங்கே மறந்துவிட்டால் கணக்கு பிழைக்கும். திருமணமாகி நிலாவெளியில் வாழும் பெண் ஏழாம் மாதத்தில் மூதூரிலுள்ள தாயிடம் போனால், அவள் எந்தப் பகுதியின் கணக்கில் வருவாள்? முதன்முதலில் பதிவுசெய்த பகுதியிலேயே அவளை இறுதிவரை வைத்திருப்பதுதான் விதி. போன இடத்தில் எதைப் பெற்றாலும் அதை மாற்றக் கூடாது. அதேபோல, பணம் தரும் பகுதிக்கு முகவரியை மாற்றிப் பதிவோர் இருப்பார்கள். தொடக்கத் திகதிக்கு முந்திய வாக்காளர் இடாப்பைக் கொண்டு சரிபார்க்கலாம்.

எண்கள் சொல்லாதவற்றுக்குச் சில வீடுகளில் உட்கார்ந்து கேட்க வேண்டும். வவுச்சரில் ஆயிரம் ரூபா எழுதியிருக்க, சாமான் எண்ணூறுக்குத்தான் தந்தார்களா? பருப்புக்கும் நெத்தலிக்கும் பதிலாக விற்காமல் கிடந்த ரின்மீனைத் தள்ளிவிட்டார்களா? பணம் வந்த நாளில் அது யார் கையில் இருந்தது, கடைக் கடன் அடைக்கப் போனதா? கணவனும் மாமியும் இல்லாத நேரத்தில், பெண் ஒருவரே பெண்ணிடம் கேட்கும்போது வரும் பதில் வேறு. பெயரும் அடையாள அட்டை இலக்கமும் நீக்கிய தரவே ஆய்வாளரிடம் போக வேண்டும். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் படித்துவையுங்கள்.

கால அளவைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஒரு கர்ப்ப காலம் முழுவதும் இரண்டு கொடுப்பனவு முறைகளில் ஒன்றின் கீழ் வரவேண்டும். பெரும்போகம், சிறுபோகம், மாரி வெள்ளம், நோன்பு மாதம் எல்லாம் அடங்க வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்குக் குறைந்தால் நான் நம்ப மாட்டேன்.

முடிவு விதியை முன்கூட்டியே எழுதுங்கள்

தரவு வருமுன்னரே, எவ்வளவு மாற்றம் கண்டால் விரிவாக்குவது, எவ்வளவுக்குக் கீழே போனால் கைவிடுவது, இடைப்பட்டால் எதைத் திருத்தி மறுபடி பார்ப்பது என்று எழுதி, கையொப்பமிட்டு, மாவட்டச் செயலகத்திலும் ஒரு பல்கலைக்கழகத்திலும் ஒப்படைத்துவிட வேண்டும். பின்னர் தரவைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, எங்கோ ஒரு மூலையில் ‘முப்பது வயதுக்கு மேற்பட்ட தாய்மாரிடம் முன்னேற்றம்’ என்று கண்டுபிடித்து அதைத் தலைப்பாக்கும் வழியை இது அடைக்கிறது. உட்பிரிவுகளாகப் பார்க்கப்போவதையும் அப்போதே பெயர் சொல்லுங்கள்: சமூகம், கடைக்கான தூரம், முதற்பிரசவமா இல்லையா என்ற மூன்றும் போதும். பாதகம் தெரிந்தால் இடையில் நிறுத்தும் அதிகாரம் யாருக்கு என்பதும், பரீட்சை முடிந்த மறுமாதம் தாய்மாருக்கு என்ன கிடைக்கும் என்பதும் அதே தாளில் இருக்க வேண்டும். திட்டம் முடிந்தது என்று ஏழாம் மாதத் தாயின் கொடுப்பனவை நிறுத்தினால், அடுத்த பரீட்சைக்கு அந்த ஊர் கதவு திறக்காது.

விடை வந்த பின்

பங்களாதேஷின் ரங்பூர்ப் பகுதியில், உணவுப் பஞ்சம் நிலவும் மாதங்களில் வேலை தேடி நகரத்துக்குப் போகச் சிறிய பயணச் செலவு கொடுத்துப் பார்த்த 2008 ஆம் ஆண்டுப் பரீட்சை சிறந்த பலனைக் காட்டியது. பல மடங்கு பெரிதாக்கி 2017 இல் மறுபடி அளந்தபோது விளைவு தென்படவில்லை; நடத்திய நிறுவனம் 2019 இல் அதை வெளிப்படையாக அறிவித்து நிறுத்திக்கொண்டது. பெரிதானபோது களப்பணியாளர்கள், எப்படியும் நகரத்துக்குப் போகவிருந்தவர்களிடமே அதிகம் சென்றிருக்கலாம் என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. ஆகவே முதற்பரீட்சை வென்றாலும் நேரே இருபத்தைந்து மாவட்டங்களுக்கும் பாயாமல், அளவீட்டைக் கைவிடாமலே இரண்டாம் கட்டத்துக்குப் போக வேண்டும். எல்லாத் தாய்மாரின் கையிலும் ஒரே வாரத்தில் பணம் வந்தால் முட்டை விலை என்னாகும் என்பது முதற்கட்டத்தில் தெரியாது; சில பிரதேசங்களில் எல்லாப் பகுதிகளுக்கும் கொடுத்துப் பார்த்தால் தெரியும்.

அறிக்கை தமிழிலும் சிங்களத்திலும் ஒரே நாளில் வெளிவர வேண்டும், தோல்வியாயினும். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எப்படியும் எவராவது கேட்பார். கேட்குமுன் கொடுப்பது மரியாதை. குலுக்கலைப் பார்த்திருந்த சங்கத்தினரை அதே மண்டபத்துக்கு அழைத்து முடிவைச் சொல்லிவிட்டே அமைச்சரவைப் பத்திரத்துக்கான வரைவை அனுப்புங்கள்.

இரண்டாம் கட்டத்துக்கு நுவரெலியாவின் தோட்டப்புறத்தை நான் தெரிவுசெய்வேன். குறைந்த பிறப்பு நிறை அங்கே அதிகம். கடையும் கடனும் சம்பள நாளும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் விதமும் திருகோணமலையில் காணாதது. அளவுகோலையும் முடிவு விதியையும் மாற்றாமல், சோடி சேர்க்கும்போது மட்டும் கடைக்கான தூரத்தோடு, குடும்பத்தில் தோட்டச் சம்பளம் பெறுவோர் உண்டா என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.